சுரண்டி எறிந்த சவ்வு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இந்த வயதிலும் வரவில்லை. இந்த முதல் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தாயிற்று. அப்படிப்பட்ட ஆளை ஐம்பதுகளில் ஒரு குட்டைக் கரையில் கொண்டுபோய் உட்கார்த்தி, மீன் குஞ்சு பொரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிரு என்று சொன்னால் என்ன ஆகும்? மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்ததைவிடக் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்ததுதான் அதிகம். என் நடையில் கரையின் ஒரு பக்கத்தில் புல்லே முளைக்காமல் போயிற்று.

குட்டை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருந்த உப்பங்கழியில் வெட்டியது. நான்கு பக்கமும் மண்கரை. கழியைப் பார்த்த பக்கத்தில் மரப்பலகை போட்ட ஒரு மதகு. கடல் ஏறும்போது பலகையைத் தூக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது தூக்கினால் வெளியே போகும். கரைமேல் ஓர் ஓலைக் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒரு சின்ன சிமெண்டுத் தொட்டி. கொட்டகைக்குள் மேஜை, தராசு, கத்தரிக்கோல், பார்மலின் பாட்டில், பதிவேடு, நான். மதகைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் இருந்தார். அச்சரப்பாக்கத்துப் பக்கம் பண்ணையாளாக இருந்து, அது வேண்டாமென்று கிளம்பி வந்தவர். நான் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலை சுற்றும். "சித்த ஒக்காருங்க சார், கரை எங்கயும் ஓடிப்போவாது" என்பார்.

குட்டைக்குள் இருந்தது மட்டவான். கடலோரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தட்டையான, உயரமான உடம்பு, வெள்ளி நிறம், செதில் வரிசை நெடுக மெல்லிய பொன்கோடு, குத்தினால் இரண்டு நாள் விரல் வீங்குகிற முதுகு முள். வாயைத் திறந்து பார்த்தால் நம் கடைவாய்ப் பல் மாதிரி உருண்டையான பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். நண்டு, மட்டி, மதகுப் பலகையில் ஒட்டிய சிப்பி என்று எதையும் விடாமல் நொறுக்கித் தின்னும். காற்று விழுந்த மத்தியான வேளையில் மதகருகே நின்றால் நறநறவென்று சிப்பி கடிபடுவது காதில் விழும். மகா சந்தேகப் பிராணி. என் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், குட்டையில் மீனே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

மழைக்காலம் முடிந்து மட்டவான் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வரும். வளர்ந்ததும் முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். அதைப் போகவிடாமல் குட்டையிலேயே வளர்த்து, குட்டையிலேயே முட்டையிட வைத்துவிட்டால் அப்புறம் குஞ்சு தேடிக் கழியில் அலைய வேண்டாம் என்பது பட்டணத்து அதிகாரியின் திட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் தை மாதம் முழங்கால் சேற்றில் நின்று, விரல் நீளக் குஞ்சுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி நான்தான் உள்ளே விட்டேன். ஆண் எது பெண் எது என்று அந்த வயதில் தெரியாது. நூற்றுக்கணக்கில் விட்டால் பாதிக்குப் பாதி இருக்காதா என்று நினைத்தோம். அதிகாரியும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவர் வீட்டிலும் மீன் ஏறாது, என் வீட்டிலும் மீன் ஏறாது.

என் வீடு செங்கல்பட்டில். அப்பா கோயில் மடைப்பள்ளியில் இருந்தார். பிள்ளை விலங்கியல் படித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார், படித்துவிட்டு மீன் அறுக்கப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாதம் ஒரு முறை பஸ் ஏறி ஊருக்குப் போனால், கொல்லைப்புறமாக வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் அம்மா என் கையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி அனுப்புவாள். மூன்றாம் வருஷத் தீபாவளிக்குப் போயிருந்தபோது அப்பா இலையில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"போறும்டா. சித்திரையோட எனக்குத் தள்ளாது. மடைப்பள்ளியில கூட ஒரு கை வேணும். உன் மீன் அதுக்குள்ள குட்டி போட்டா சொல்லு. இல்லேன்னா வந்து கரண்டியைப் பிடி."

மீன் குட்டி போடாது அப்பா என்று திருத்தினேன். "என்ன எழவோ போடட்டும்" என்றார். பண்டிகை நாளில் அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

என் வேலை தற்காலிகம். குட்டையில் முட்டை விழுந்தால் பண்ணை நிலைக்கும், பண்ணை நிலைத்தால் நானும் நிலைப்பேன். விழாவிட்டால் மடைப்பள்ளி. விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, அதே உருளியில் அதே புளியோதரையைக் கிளறி, நாளைக்கும் அதே, நாளன்றைக்கும் அதே. அங்கே நாலு சுவரும் கரிப்பிடித்து மூச்சை அடைக்கும். அப்பா அதில் ஒரு பக்தியோடு நின்றார், அவருக்கு அது தகும். எனக்கு அந்த அடுப்புமுன் நிற்பதை நினைத்தாலே உள்ளங்கால் அரிக்கும். கடலோரத்தில் வேலை ஒன்றும் நடக்காவிட்டாலும் நடக்க இடமாவது இருந்தது.

இந்தக் கதையில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்துக் குப்பத்திலிருந்து வருவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். குட்டை மீனுக்கு இரை வேண்டும். கழிச் சேற்றில் பொடி நண்டு பிடித்துக் கூடையில் கொண்டுவந்து, கல்லில் வைத்து இடித்துக் குட்டையில் போடுவாள். அதற்குக் கூலி கிடையாது. நான் வயிற்றைக் கீறிப் பார்த்த மீனை என்ன செய்வது? நானும் தின்ன மாட்டேன், பார்மலினில் போடவும் அத்தனை பாட்டில் இல்லை. அதை அவள் கொண்டுபோவாள். நண்டுக்கு மீன். இதுதான் ஏற்பாடு. யார் ஆரம்பித்தார்கள் என்று நினைவில்லை. பதிவேட்டில் 'இரை: நண்டு, ஒரு கூடை' என்று எழுதுவேன். கொண்டுவந்தது யார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

அவள் வந்தால் மீன் மேலே வரும். அதுதான் எனக்கு எரிச்சல். சம்பளம் வாங்கிக்கொண்டு ராவும் பகலும் காவல் காக்கிற எனக்கு வால்கூடக் காட்டாத மீன்கள், அவள் கூடையை இறக்கும் சத்தம் கேட்டால் கரையோரம் வெள்ளி வெள்ளியாகத் திரும்பும்.

"ஒன்ன பாத்தா அதுங்களுக்குப் பயம் சாமி. சும்மா சுத்திகினே கீற. எதனா துரத்துதா ஒன்ன?" என்பாள்.

மூன்றாம் வருஷத் தை. மட்டவான் பருவத்துக்கு வந்திருந்தது. பெரியது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வலையில் எடுத்து வயிற்றை லேசாக அழுத்தினால் வெள்ளையாகப் பால் வரும். அது ஆண். முதல் மீன் பால். இரண்டாவது பால். பத்தாவதும் பால். மேஜையில் வைத்து இருபது மீனைக் கீறினேன். இருபதிலும் வெள்ளைப் பால் பை. ஒன்றில்கூட மஞ்சள் சினை இல்லை. பால் பையின் ஓரமாக ஒரு மெல்லிய சவ்வு, மீனுக்கு மீன், நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பாக்கும் என்று நினைத்துக் கத்தரி முனையால் சுரண்டி எறிந்தேன். பால் பையைச் சுத்தமாக நிறுக்க வேண்டுமே. எடையைப் பதிவேட்டில் எழுதினேன்.

அத்தனையும் ஆண். மூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்தது ஒரு குட்டை நிறைய மாப்பிள்ளைகளை. பெண்ணே இல்லாமல் எந்த ஜென்மத்தில் முட்டை விழும்? குஞ்சு பொறுக்கியது நான். ஏதோ ஒரு கூட்டத்தில் ஆணாகவே பொறுக்கிவிட்டேன் என்றுதான் முடிவு செய்தேன். வேறு எப்படி யோசிக்க?

அன்றைக்கு அவள் கீறிய மீனை எடுக்க வந்தவள், மேஜையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா சாமி, மொகம் செத்துப்போய் கீது?"

சொன்னேன். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலட்சியத்தோடுதான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இத்துக்கா? சின்ன மட்டவான்ல சினை எங்கருந்து வரும்? எங்க குப்பத்துல புள்ளத்தாச்சிக்கு ஏழாம் மாசம் மட்டவான் சினை ஆக்கிப் போடுவாங்க. அத்துக்கு நாங்க சின்னத அறுக்கவே மாட்டோம். முகத்துவாரத்துல தூண்டில் போட்டு இம்மாம் பெருசு புடிச்சாந்துதான் அறுப்போம்." முழங்கைக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். "பெருசுல அத்தினியும் சினை. சின்னதுல அத்தினியும் பாலு."

"அப்படின்னா அந்தப் பெரிசை எனக்குப் பிடிச்சுக் குடு. குட்டையில விடலாம்."

"வுட்டுப் பாரேன். எதுக்கு சாமி? இதுங்களே வளந்தா சினையாவும்."

எனக்குப் புரியவில்லை. புரியாமல் நின்றதில் அவளுக்கு இன்னும் குஷி. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்:

"நீ படிச்சவன், நீயே சொல்லு. சின்னதுல பொட்ட எங்க? இல்ல. பெருசுல ஆம்பள எங்க? இல்ல. அப்போ சின்ன ஆம்பளைங்க எல்லாம் வளந்து எங்க போச்சு? பெரிய பொட்டைங்க எல்லாம் எங்கருந்து வந்துச்சு? அதான் இது, இதான் அது."

இன்றைக்கு அந்தப் பேச்சை எழுதும்போது அதில் ஒரு ஓட்டை இல்லை. அன்றைக்கு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று வருஷ வாழ்க்கை பாழாய்ப் போய் மேஜைமேல் கிடக்கிறது, இவள் என்னை வைத்து விளையாடுகிறாள் என்றே பட்டது.

"ஆம்பள பொம்பளையா மாறுமா? என்ன பேச்சு இது? வந்தமா, நண்டைப் போட்டமான்னு போ. உளறாதே."

"ஒன்ன சொல்லல சாமி, மீன சொன்னேன்" என்றாள்.

மதகில் நின்ற காவல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்று கத்தினேன். அவள் சிரிப்பு நின்றது. கீறிய மீன் இருபதையும் மேஜையிலேயே விட்டுவிட்டு, வெறும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் வரவில்லை. நானே சேற்றில் இறங்கி நண்டு பிடித்தேன். நண்டு என்னைப் பிடித்தது என்பதே சரி. இரண்டு விரலில் கடி. இடித்துப் போட்டால் மீன் மேலே வரவில்லை, நண்டு அழுகித் தண்ணீர் நாறிற்று. இடையில் ஒரு பரதவரிடம் சொல்லிப் பெரிய மட்டவான் ஐந்து வாங்கினேன். தூண்டிலில் பட்டதைக் குடத்தில் போட்டுக் கடற்கரையிலிருந்து குட்டைக்குத் தூக்கி வருவதற்குள் ஐந்தும் மல்லாந்துவிட்டன. கீறிப் பார்த்தேன். ஐந்திலும் மஞ்சள் சினை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? 'கடலில் பெண் இருக்கிறது, என் துரதிர்ஷ்டம், அது குட்டைக்கு வரவில்லை' என்றுதான் எழுதினேன்.

எட்டாம் நாள் அவளாகவே வந்தாள். "மீனு இன்னா பாவம் பண்ணுச்சு" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே நண்டை இடித்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

சித்திரை பிறந்ததும் ஜீப் வந்தது. அதிகாரி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். என் பதிவேட்டை நின்றபடியே புரட்டினார். இருபதும் ஆண். அதற்கப்புறம் மாசியில் கீறிய பத்தும் ஆண்.

"குஞ்சு எடுத்ததிலேயே தப்பு" என்றார். "உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? பத்து நாளில் குட்டையை இறைத்துவிடு. இனி வேறு ஜாதி மீன்தான். பால்மீன் என்கிற ஜாதியின் குஞ்சுக்கு இதுதான் பருவம், அதை விட்டுப் பார்க்கட்டும்."

"யார் சார் பார்ப்பது?"

அவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதற்கு வேறு ஆள் போடுவார்கள். உன் உத்தரவு இந்த மாதக் கடைசி வரைதானே."

அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் அவள் சொன்னது இருந்தது. நண்டு கொண்டுவருகிற பெண் ஒருத்தி இப்படிச் சொல்கிறாள் சார், இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் இதுவே பெண்ணாகுமாம் சார். சொல்லியிருந்தால் என்ன? சிரித்திருப்பார், அவ்வளவுதானே. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும் வரை நின்றேன். அப்புறம் வழக்கம்போல் நடந்தேன். அன்று கரையை எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. காவல்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன்: 'மாதக் கடைசியில் வருகிறேன்.' அவர் பதிலுக்கு இரண்டே வரி எழுதியிருந்தார். எனக்காகப் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறாராம். அவர் சந்தோஷப்பட்டது அந்த இரண்டு வரியில் நன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

குட்டையை இறைத்த நாள் காலை நல்ல வெயில். கழியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் காவல்காரர் மதகுப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் இறங்க இறங்க மீன்கள் ஆழம் தேடி மதகுப் பள்ளத்துக்குக் கூடின. வலை போட்டு இழுத்துக் கரையில் கொட்டினோம். குப்பத்துப் பெண்கள் கூடையோடு வந்திருந்தார்கள், அவளும் வந்திருந்தாள். மூன்று வருஷமாக நான் ஒளிந்து ஒளிந்து பார்த்த மீன்களெல்லாம் ஒரே காலையில் கூடை கூடையாக மாமல்லபுரம் பக்கம் போயின. பார்க்கப் பிடிக்காமல் கொட்டகைக்குப் போனேன். உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்தேன்.

"சாமி! இங்க வா!"

அவள் கரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பெரிய மட்டவானை அறுத்துக்கொண்டிருந்தாள். யாரோ அறுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். குடலை எடுத்துப் போட்டுவிட்டு, வயிற்றை இரண்டு விரலால் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்துக்கோ. நான் உளர்றேன்னு சொன்ன இல்ல?"

பால் பை சுருங்கிக் கிடந்தது. அதன் ஓரத்தில், நான் நூல் மாதிரி பார்த்தேனே, அந்தச் சவ்வு. இப்போது அது சுண்டுவிரல் பருமன் இருந்தது. மஞ்சள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதற்குள் பொடிப்பொடியாக மணி மணியாகத் தெரிந்தது. ஒரே மீன், ஒரே பை, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள். ஆணாக இருந்தது பெண்ணாகிக்கொண்டிருந்தது. தையில் இருபது மீனிலும் மாசியில் பத்து மீனிலும் நான் கொழுப்பென்று சுரண்டி மண்ணில் எறிந்தது இதைத்தான்.

கத்தரிக்கோலை எடுக்கக்கூட நிற்கவில்லை. அவள் அரிவாள்மனைக்கே இன்னொரு பெரிய மீனை எடுத்துக் கொடுத்தேன். அறுத்தாள். மஞ்சள். சின்னதாக ஒன்று கொடுத்தேன். வெறும் பால். மறுபடி பெரியது. மஞ்சள்.

"பலகைய எறக்குங்க! மதகை மூடுங்க!" என்று கத்தினேன். காவல்காரர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"மூடினா மட்டும் என்னா சார், உள்ள தண்ணி ஏது?" என்றார். ஆனாலும் ஓடிப்போய்ப் பலகையை இறக்கினார்.

மதகுப் பள்ளத்தில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் மட்டும் பாக்கி. அதில் இன்னும் சில மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டேன். கையால் பிடித்தால் முள் குத்துகிறது, வழுக்குகிறது, சேற்றில் விழுகிறேன். அவள் மேலே நின்று ஒரு கணம் பார்த்தாள். அப்புறம், "அட இரு சாமி, அமுக்கிக் கொன்னுடப் போற" என்று புடவையைச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். கூடையைச் சேற்றுக்குள் சாய்த்து வைத்துக் காலால் தண்ணீரைக் கலக்கினாள். மீன் தானாகக் கூடைக்குள் போயிற்று. அவள் அள்ளித் தர, காவல்காரர் குடத்தில் வாங்கிக்கொண்டு சிமெண்டுத் தொட்டிக்கு ஓடினார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் தொட்டியில் முப்பத்தொரு மீன் சேர்ந்தன. சாயங்காலத்துக்குள் ஒன்பது செத்தன. மற்றவை செவுளை அடித்துக்கொண்டு தொட்டி மூலையில் ஒதுங்கி நின்றன.

அன்றே மாமல்லபுரத்துக்கு நடந்துபோய்ப் பட்டணத்துக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். முந்தின நாள் மஞ்சள் தெரிந்ததும் நான் பார்மலினில் போட்டிருந்த மூன்று மீனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என் தோளில் தட்டினார்.

"வெளிநாட்டு மீன் சிலவற்றில் இப்படி உண்டு என்று எங்கேயோ படித்திருக்கிறேன். நம் மீனில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. உனக்கு எப்படித் தோன்றிற்று?"

அவள் பத்தடி தள்ளிக் கல்லில் நண்டு இடித்துக்கொண்டிருந்தாள். தொட்டி மீனுக்கு இரை. அவருடைய பேச்சு இங்கிலீஷில் இருந்ததால் அவளுக்குப் புரிய நியாயமில்லை. நானும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்.

"பார்த்துக்கொண்டே இருந்தேன் சார்."

அந்த ஒரு வாக்கியம்தான். பொய் என்று கையும் களவுமாகப் பிடிக்க முடியாத வாக்கியம். பார்த்துக்கொண்டேதானே இருந்தேன்? அவர் சொன்னபடி அன்று ராத்திரியே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து நடக்காமல் ஒரே மூச்சில் எழுதியது அதுதான். 'என்னுடைய தொடர்ந்த கண்காணிப்பில்' என்று இருந்தது. அவர் அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார்.

வைகாசியில் உத்தரவு வந்தது. பண்ணையை மூடவில்லை. தொட்டியில் பிழைத்த மீன்களை மறுபடி குட்டையில் விட்டு வளர்க்க வேண்டும், அந்தப் பொறுப்பு எனக்கு, வேலை நிரந்தரம். அப்பாவுக்குக் கார்டு போட்டேன். அவர் பதில் போடவில்லை. அந்தப் புது வேட்டியை அவரே கட்டிக்கொண்டு மடைப்பள்ளிக்குப் போனதாக அம்மா அப்புறம் சொன்னாள். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. சந்தோஷத்தில் அந்தக் கஷ்டம் நாலு நாளில் கரைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதம் ஒரு காலை. குட்டையில் மறுபடி தண்ணீர் நிறைந்திருந்தது. அவள் நண்டைக் கல்லில் வைத்து இடித்துக்கொண்டிருந்தாள். நான் கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்து அவளைக் கடக்கும்போது தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"சாமி, பட்டணத்துக்கு எழுதி அனுப்புனியாமே. அதுல என் பேரையும் எழுதுனியா?"

காவல்காரர் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. எழுதியிருப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள். நின்றேன்.

"எழுதினேனே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லணும், நம்ப மாட்டாரு" என்றாள். இன்னும் இரண்டு நண்டை எடுத்து இடித்தாள். பிறகு ஏதோ தோன்றினவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"இன்னான்னு எழுதுன?"

"நீ சொன்னதைத்தான்."

"அது இல்ல சாமி. என் பேர இன்னான்னு எழுதுன?"

மூன்று வருஷத்தில் "ஏம்மா" என்பதற்கு மேல் நான் அவளை எதுவும் கூப்பிட்டதில்லை. காவல்காரர் கூப்பிட்டு எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் நினைவைத் துழாவினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், பட்டிருந்தால் தேவலை.

"தெரிலன்னா கேட்டிருக்கலாமில்ல" என்றாள்.

இடித்த நண்டைக் குட்டையில் கொட்டினாள். மீன்கள் கரையோரம் வந்து திரும்பின. கூடையை மதகுத் தண்ணீரில் அலசித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். அப்போதாவது பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு ஓட வராதா என்ன? ஆனால் கேட்டால் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்கு என் கால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் காவல்காரர் ஒரு கூடையோடு வந்தார்.

"இன்னிக்கு அது வரல சார். எங்கிட்ட குடுத்து அனுப்பிச்சு" என்றார்.

அவரிடம் கேட்டிருந்தால் பெயரைச் சொல்லியிருப்பார். கூடையை வாங்கி எட்டிப் பார்த்தேன். பதிவேட்டை எடுத்து 'இரை: நண்டு, ஒரு கூடை' என்று எழுதினேன். அவரையே இடித்துப் போடச் சொல்லிவிட்டுக் கரையில் நடக்கப் போனேன்.